'டு' போடுவதா, 'இங்' போடுவதா: லேனர்ஸ் டிக்‌ஷனரியோடு என் அனுபவம்

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர் வேலை எனக்கு. வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் எழுதியே பொழுது போகும். டென்ஸ் எல்லாம் எழுத எழுதப் பிடிபட்டுவிடும். ஒரு வினைக்குப் பின்னால் இன்னொரு வினை வந்தால் 'டு' போடுவதா, 'இங்' சேர்ப்பதா என்பதில்தான் பத்து வருஷ அனுபவக்காரர்களும் தடுமாறுவார்கள். இன்ஃபினிட்டிவ் ('டு' வருவது), ஜெரண்ட் ('இங்' வருவது) என்று பள்ளியில் படித்த அதே பாடம்தான். இந்த ஒரு வேலைக்காகவே, ஆங்கிலத்தை வெளியிலிருந்து கற்கிறவர்களுக்கான ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்ட் லேனர்ஸ் டிக்‌ஷனரியை வருஷக்கணக்காகப் பயன்படுத்துகிறேன்.

கோச்சிங் சென்டர்களில் ஒரு சூத்திரம் சொல்லித் தருவார்கள்: இனி நடக்கப்போவது என்றால் 'டு', நடந்து முடிந்தது என்றால் 'இங்'. வான்ட், ஹோப், டிசைட், ஃபினிஷ் வரைக்கும் அது ஓடும். சஜெஸ்ட், கன்சிடர், அவாய்ட் வந்ததும் படுத்துவிடும். நாளைக்குச் செய்ய வேண்டியதைத்தான் சஜெஸ்ட் செய்கிறோம்; ஆனாலும் அதன் பின்னால் வருவது 'இங்'. தமிழை வைத்து யோசித்தாலும் விடை கிடைக்காது. 'படிக்கப் பிடிக்கும்', 'படிப்பது பிடிக்கும்' இரண்டும் நமக்குச் சரி. என்ஜாய்க்கு ரீடிங் மட்டும்தான். எந்த வினை எதைச் சேர்த்துக்கொள்ளும் என்பதை அந்தந்த வினையோடு சேர்த்தே படிக்க வேண்டும் என்பதே என் முடிவு.

அதற்கு இந்த அகராதிதான் சரியான இடம். சஜெஸ்ட் என்று தேடினால் பொருளோடு நிற்காது. 'சஜெஸ்ட் டூயிங் சம்திங்' என்று அமைப்பைத் தடித்த எழுத்தில் கொடுத்து, பக்கத்திலேயே ஒரு வாக்கியமும் தரும். நம் ஊரில் சகஜமான 'சஜெஸ்ட் மீ எ குட் ஹோட்டல்' தவறு என்று தனிக்குறிப்பே உண்டு. ரிமெம்பர் பகுதியைக் கட்டாயம் பாருங்கள். ரிமெம்பர் டூயிங், ரிமெம்பர் டு டூ இரண்டையும் வெவ்வேறு பொருளின் கீழ் பிரித்து வைத்திருக்கிறார்கள். 'ஐ ரிமெம்பர் அட்டாச்சிங் த ஃபைல்' என்றால் ஃபைலை இணைத்தது ஞாபகம் இருக்கிறது. 'ரிமெம்பர் டு அட்டாச் த ஃபைல்' என்றால் மறக்காமல் இணைத்துவிடு.

எங்கள் தொழிலில் ஸ்டாப் இன்னும் ஆபத்தானது. 'வீ ஸ்டாப்ட் டு செக் த ஸ்டிச்சிங்' என்றால், தையலைச் சரிபார்ப்பதற்காக வேலையை நிறுத்தினோம். 'வீ ஸ்டாப்ட் செக்கிங் த ஸ்டிச்சிங்' என்றால், தையலைச் சரிபார்ப்பதையே விட்டுவிட்டோம்! முதலாவதைப் படிக்கும் பையர் நிம்மதியாவார். இரண்டாவதைப் படித்தால் அடுத்த ஆர்டரைப் பற்றி யோசிப்பார். 'ட்ரை வாஷிங் இட் அட் 40 டிகிரீஸ்' என்று பையரிடமிருந்து வந்தால், 40 டிகிரியில் துவைத்துப் பாருங்கள், என்ன ஆகிறதென்று தெரியட்டும் என்று பொருள். 'ட்ரை டு ஃபினிஷ் பை ஃப்ரைடே' என்பது வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க முயலுங்கள் என்கிற வேண்டுகோள். 'த காலர் நீட்ஸ் ரீவொர்க்கிங்' என்று கமென்ட் வந்தால் காலரை மறுபடி சரிசெய்ய வேண்டும்.

மெயிலின் கடைசி வரிக்கு வருவோம். 'லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ' என்று எழுதாத ஆபீஸ் குறைவு. அங்கே 'டு' என்பது ப்ரெபொசிஷன், அதாவது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் சொல். அதனால் ஹியரிங் என்றுதான் வர வேண்டும். அகராதியும் 'லுக் ஃபார்வர்ட் டு டூயிங் சம்திங்' என்றே காட்டுகிறது. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தரும் சோதனை இது: 'டு'வுக்குப் பின்னால் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பார். 'லுக் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை' பொருந்துகிறதா? அப்படியானால் வினை வந்தாலும் 'இங்'தான். 'வான்ட் டு யுவர் ரிப்ளை' என்று சொல்லவே முடியாது, அதனால் அங்கே 'வான்ட் டு ஹியர்'. கமிட்டெட் டு, அப்ஜெக்ட் டு, யூஸ்ட் டு என்று குழப்புகிறவற்றையும் இதிலேயே தீர்த்துவிடலாம். பழகிப்போனது என்ற பொருளில் வரும் 'ஐ ஆம் யூஸ்ட் டு ஒர்க்கிங் லேட்' உட்பட.

குறைகளும் இருக்கின்றன. 'இங்' ஏற்கும் வினைகளை மட்டும் ஒரே இடத்தில் காட்டு என்று கேட்டால் கிடைக்காது. ஒவ்வொன்றாகத் தேடி நாமே நோட்டில் எழுதி வைக்க வேண்டும். வினையைத் தேடிப் பார்க்கும் இடத்தில் பயிற்சிக் கேள்விகள் கிடையாது. இலவச இணையதளத்தில் விளம்பரம் தொல்லை, போனில் பார்க்கும்போது ரொம்பவே. தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு விளக்கமும் ஆங்கிலத்திலேயே இருப்பது முதல் சில மாதம் மலைப்பாக இருக்கும். ஆனால் உதாரண வாக்கியங்களை மட்டும் படித்தாலே பாதி வேலை முடிந்துவிடும் என்பதால் விட்டுவிட வேண்டாம்.

இந்த அகராதியை முதலில் தொகுத்த ஏ. எஸ். ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். அதன் முதல் வடிவம் 1942-இல் டோக்கியோவில் வெளியானது. வினைக்குப் பின்னால் என்ன வரும் என்ற கேள்வி ஆங்கிலேயருக்கு எழாது, வெளியிலிருந்து கற்கிறவருக்குத்தான் எழும். அந்த வகுப்பறைகளிலிருந்து வந்த புத்தகம் என்பதால்தான் நம் சந்தேகம் அதற்குப் புரிகிறது என்று நினைக்கிறேன்.

அச்சுப் பிரதி வாங்குவதானால் பத்தாம் பதிப்பு 2020-இல் வந்தது. பழைய புத்தகக் கடையில் அதற்கு முந்தைய ஓரிரு பதிப்புகள் கிடைத்தாலும் இந்த வேலைக்குப் போதும். 1974-ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பை மட்டும் எடுக்காதீர்கள். அதில் வினை அமைப்புகளை 25 எண்களாகப் பிரித்து, ஒவ்வொரு சொல்லின் பக்கத்திலும் எண்ணை மட்டும் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு தடவையும் அட்டவணையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். மெயில் எழுதும் அவசரத்தில் அது ஆகாது.