நைட் ட்ரிப்புக்கு 'ரெண்டு டிரைவர்' என்று காசு வாங்குவார்கள்; வருகிற ஒருவரும் தூங்கியிருக்க மாட்டார்

சென்னையில் ராத்திரி புறப்பட்டு, விடியும்போது மதுரையிலோ நெல்லையிலோ கல்யாண மண்டபத்து வாசலில் இறங்குவதாகத் திட்டம் போட்டு கார், டெம்போ டிராவலர் புக் செய்கிறவர்களுக்கான எச்சரிக்கை இது. முகூர்த்த நாள், பொங்கல், தீபாவளி நெருங்கினால் இந்த ஏமாற்று இன்னும் கூடும்.

போனிலேயே ஆரம்பித்துவிடும். "நைட் டிரைவிங் சார், சேஃப்டிக்கு ரெண்டு டிரைவர் போட்டுர்றேன், பேட்டா மட்டும் டபுளா வரும்" என்பார் ஏஜென்சிக்காரர். குடும்பத்தோடு போகிறோம், ரெண்டு பேர் இருந்தால் நல்லதுதானே என்று அட்வான்ஸை ஜிபேயில் அனுப்பிவிடுவோம். 10 மணிக்கு வண்டி வந்து நிற்கும்போது ஸ்டியரிங்கில் ஒருவர் மட்டும் இருப்பார். கேட்டால், "அவரு விக்கிரவாண்டி டோல்ல ஏறிக்குவாருண்ணா." விக்கிரவாண்டி வரும்போது உள்ளே எல்லோரும் குறட்டை. சில வண்டிகளில் நிஜமாகவே இரண்டு பேர் வருவார்கள். இரண்டாமவர் லைசென்ஸ் இல்லாத கிளீனராக இருப்பார். புக் செய்தது ஒரு இடம், வருவது வேறு யாருடைய வண்டியோ என்பதும் உண்டு. உங்கள் ஆர்டரைக் கமிஷன் வைத்து வாட்ஸப் குரூப்பில் தள்ளிவிட்டிருப்பார்கள். கையில் எடுத்த கடைசி ஆள் பகல் பூரா வேறு சவாரி ஓட்டியவரா என்று புக்கிங் வாங்கியவருக்கே தெரியாது.

டிரைவரை மட்டும் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. ஒன்வே டிராப்பில் வண்டி காலியாகத் திரும்பினால் டீசல், டோல் எல்லாம் நஷ்டம். அதனால் உங்களை இறக்கிவிட்ட ஒரு மணி நேரத்தில் ரிட்டர்ன் சவாரி பிடித்தாக வேண்டும். சம்பளத்துக்குப் பதில் கமிஷனில் ஓட்டுகிறவருக்குத் தூங்கும் நேரம் வருமானமில்லாத நேரம். 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி நேர வேலை என்றது. தொலைதூர ஓட்டம் போன்றவற்றுக்கு 10 மணி நேரம் வரை தளர்வு இருந்தது. 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டாமல் இடையில் அரை மணி ஓய்வு தரவேண்டும் என்றும் சொன்னது. ஆனால் அந்தச் சட்டம் பொதுவாக ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்த நிறுவனத்துக்குத்தான் பொருந்தியது. "அவங்கல்லாம் எங்க ஆளுங்க இல்ல, அட்டாச்சு வண்டி" (வேறு ஓனருடைய வண்டி) என்று ஏஜென்சி நழுவிப் பழகியதற்குக் காரணம் புரிகிறதா?

கடிகாரக் கணக்கைப் பாருங்கள். காலை 6 மணிக்கு எழுந்தவர் ராத்திரி 11 மணிக்கு 17 மணி நேரம் விழித்திருக்கிறார். அந்த நிலையில் ஒருவரின் கண்ணும் கையும் ஒத்துப்போகும் திறன் ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவருக்குச் சமம் என்று 1997-லேயே ஆய்வில் அளந்துவிட்டார்கள். நம் நாட்டுச் சட்ட வரம்பு 0.03. ஊதச் சொன்னால் கருவி ஒன்றும் காட்டாது, அவ்வளவுதான் வித்தியாசம். இதோடு உடலின் சொந்தக் கடிகாரம் சேரும். பின்னிரவு 2 முதல் 6 வரை உடம்பு தூக்கத்துக்கே இழுக்கும். 10 மணிக்குக் கிளம்பி, செங்கல்பட்டு வரை நெரிசலில் ஊர்ந்து, வழியில் பரோட்டாவுக்கு நிறுத்தினால் 2 மணிக்கு எங்கே இருப்பீர்கள்? உளுந்தூர்பேட்டைப் பக்கம். அங்கிருந்து திருச்சி வரை நேர் ரோடு, வேலையில்லாத ஸ்டியரிங், எதிரே வண்டி வராத நால்வழிச்சாலை. கண் சொருக இதைவிடத் தோதான இடம் கிடையாது. 100 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு விநாடி கண் மூடினால் வண்டி 111 மீட்டர் போய்விடும். தூங்கியதால் நடந்த விபத்தில் பெரும்பாலும் பிரேக் தேய்ந்த கோடே தார் ரோட்டில் இருக்காது. ஓரத்தில் நிற்கும் லாரியின் பின்புறத்தில் நேராகப் போய் மோதியிருக்கும்.

அட்வான்ஸ் அனுப்பும் முன் வாட்ஸப்பில் எழுத்தாக நான்கு விஷயம் வாங்குங்கள்: வண்டி நம்பர், இரண்டு டிரைவர்களின் பெயரும் லைசென்ஸ் படமும், இருவரும் ஏறும் இடம், "இரண்டாவது டிரைவர் வராவிட்டால் அவருடைய பேட்டா கழிக்கப்படும்" என்ற ஒரு வரி. மஞ்சள் போர்டு இல்லாத வண்டியை வாடகைக்கு ஏற்காதீர்கள். சொந்த உபயோகத்துக்கான இன்சூரன்ஸில் ஓடும் வண்டி விபத்தில் சிக்கினால், வாடகைக்கு ஓட்டினார்கள் என்று காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்க இடமுண்டு.

வாசலில் வண்டி வந்ததும் "தூங்குனீங்களாண்ணா?" என்று கேட்காதீர்கள். தூங்கினேன் என்றுதான் சொல்வார். "கடைசியா எங்கருந்து வந்தீங்க?" என்று கேளுங்கள். ஃபாஸ்டேக் குறுஞ்செய்தியைக் காட்டச் சொன்னால் இன்னும் நல்லது. எந்த டோலை எத்தனை மணிக்குத் தாண்டியது என்று அதில் இருக்கும். மத்தியானம் 3 மணிக்குச் சமயபுரம், 7 மணிக்குப் பரனூர் என்றிருந்தால் அவர் திருச்சிப் பக்கமிருந்து இப்போதுதான் வந்து இறங்கியிருக்கிறார். செய்தி ஓனர் போனுக்குத்தான் போகும் என்றால் ஓனரிடம் கேளுங்கள், ஸ்க்ரீன்ஷாட் அனுப்ப ஒரு நிமிஷம் ஆகாது. மழுப்பினால் வண்டியைத் திருப்பி அனுப்புங்கள். அட்வான்ஸ் போனாலும் பரவாயில்லை. உண்மையில், டிரைவர் 9 மணிக்குப் படுத்துவிட்டு நீங்கள் 4.30-க்குக் கிளம்புவதுதான் சரியான திட்டம். மத்தியானத்துக்குள் மதுரை போய்விடலாம்.

ஓடும் வண்டியில் தூக்கம் சொல்லிவிட்டு வராது. ஆனால் அறிகுறி தெரியும். காரணமில்லாமல் வேகம் 90-க்கும் 70-க்கும் ஏறி இறங்கும். டயர் ஓரத்து மேடுபள்ளக் கோட்டில் ஏறி கடகடவென்று சத்தம் வரும். முன்வண்டிக்குத் தாமதமாகப் பிரேக் விழும். ஜன்னலைத் திறப்பது, பாட்டைக் கூட்டுவது, தலையைச் சொறிவது, பிடரியைத் தேய்ப்பது எல்லாம் தூக்கத்தோடு மல்லுக்கட்டுவதன் அடையாளம். சளிக்குச் செட்டிரிசின் மாதிரி மாத்திரை போட்டிருக்கிறாரா என்றும் கேட்டுவிடுங்கள். ஏழு பேர் ஏறிய வண்டியில் ஏசி உள்காற்றையே சுற்றிவிடும் முறையில் இருந்தால் மணிக்கணக்கில் அதே காற்றுதான். வெளிக்காற்று வரும்படி பட்டனை மாற்றுங்கள்.

போன் இன்னொரு தலைவலி. ரிட்டர்ன் சவாரிக்காகக் குரூப்பைப் பார்த்துக்கொண்டே, வாய்ஸ் மெசேஜ் போட்டுக்கொண்டே ஓட்டுவார்கள். கையில் பிடித்துப் பேசினால் மோட்டார் வாகனச் சட்டம் 184-ஆம் பிரிவில் ஆபத்தான ஓட்டுதல் என்றே வரும்; முதல் தடவைக்கு அபராதம் 1,000 முதல் 5,000 ரூபாய், சிறையும் உண்டு. ஸ்டாண்டில் மாட்டிவிட்டால் குற்றமில்லை என்று நினைக்கிறார்கள். கண் திரையில் இருக்கும் வரை கை எங்கே இருந்தால் என்ன? "ரிட்டர்ன் சவாரி நாங்க இறங்கினதுக்கப்புறம் பாத்துக்கங்கண்ணா" என்று கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள். வழி காட்டுவதை முன்சீட்டில் இருப்பவர் ஏற்றுக்கொள்ளட்டும்.

காதில் மாட்டும் 'தூக்க அலாரம்' வைத்திருக்கிறோம் என்று ஏஜென்சி பெருமையடித்தால் நம்பாதீர்கள். தலை குறிப்பிட்ட கோணத்துக்கு மேல் சாய்ந்தால் அலறும், அவ்வளவே. தலை நிமிர்ந்தபடி, கண் பாதி திறந்தபடியே சில விநாடி தூங்க முடியும். தலை தொங்கும்போது வண்டி ஏற்கெனவே கோட்டைத் தாண்டியிருக்கும்.

டிரைவர் சொருகுகிறார் என்று தெரிந்தால் கத்தாதீர்கள், ஸ்டியரிங்கைப் பிடிக்காதீர்கள். தோளைத் தொட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அடுத்து வரும் பெட்ரோல் பங்க் அல்லது டோலில் நிறுத்தச் சொல்லுங்கள். ரோட்டோரத்தில் வேண்டாம், பின்னால் வருகிற இன்னொரு தூக்கக் கலக்கக்காரர் உங்கள் மேல் ஏறுவார். நிறுத்தியதும் முதலில் காபி, பிறகு உடனே தூக்கம், 20 நிமிஷத்துக்கு அலாரம். காபி வேலை செய்ய 20, 30 நிமிஷம் ஆகும், எழும்போது இரண்டும் சேரும். அரை மணிக்கு மேல் போனால் ஆழ்ந்த தூக்கத்தில் விழுந்து எழுந்ததும் மந்தமாக இருக்கும். எழுந்தபின் பத்து நிமிஷம் நடந்துவிட்டுத்தான் சாவி போடவேண்டும். இதில் கிடைப்பது ஒரு மணி, மிஞ்சினால் இரண்டு மணி நேரத் தெம்பு. மதுரை வரை இழுக்காது. முடியவில்லை என்றால் லாட்ஜ்தான்.

போகும் ராத்திரியைவிடத் திரும்பும் ராத்திரி மோசம். இதில் தப்பு பெரும்பாலும் நம்முடையது. பேட்டா சாப்பாட்டுக்குச் சரியாக இருக்கும், அறைக்குக் காணாது. மண்டபத்தில் முப்பது பேருக்கு ரூம் போட்டவர்கள் டிரைவருக்குப் பாய்கூடத் தரமாட்டார்கள். மே மாத வெயிலில் சீட்டைச் சாய்த்து மூன்று மணி நேரம் புரண்டவரிடம், "சாயங்காலம் கெளம்பிரலாம்ணே" என்போம். ஃபேன் உள்ள அறை, ஆறு மணி நேரமாவது தொந்தரவில்லாத பகல் தூக்கம், இரண்டையும் புக்கிங்கின்போதே செலவில் சேருங்கள்.

இரண்டாவது டிரைவருக்குக் காசு வாங்கிவிட்டு அனுப்பாதது சேவைக் குறைபாடு. வாட்ஸப் உரையாடல், ஜிபே ரசீது, வண்டி கிளம்பும்போது எடுத்த படம் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். முதலில் ஏஜென்சிக்கு எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். 5 லட்சம் வரையான தொகைக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை.