டிசம்பரில் மலேசியாவின் பெர்ஹென்தியான் தீவு என்று சொல்லி ரூ. 64,800 வாங்கிவிட்டான்: ஸ்நார்கெலிங் பேக்கேஜ் வாங்கப் போகிறவர்கள் படிக்கவும்

வெளிநாட்டில் ஸ்நார்கெலிங் (மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் போட்டுக் கடலில் குப்புற மிதந்து கீழே பார்ப்பது) போக எந்த இடம் நல்லது, எந்த மாதம் நல்லது என்று பொறுமையாக ஒரு பதிவு எழுதலாம் என்றுதான் இருந்தேன். சிலர் கேட்டும் இருந்தார்கள். இப்போது அந்தப் பொறுமை இல்லை. ரூ. 64,800 போய்விட்டது. வாங்கியவன் இன்று காலை என் நம்பரை பிளாக் செய்துவிட்டான். இடங்களைப் பற்றியும் கீழே சொல்கிறேன், முதலில் இதைப் படியுங்கள்.

கும்பகோணத்தில் ஒரு டிராவல்ஸ். பெயர் போடவில்லை, மனு கொடுக்கும் நேரத்தில் அது எனக்கே வினையாகும். சொந்தமாக ஒரு வேன்கூடக் கிடையாது. இன்ஸ்டாகிராமில் ஆமை நீந்தும் வீடியோ போட்டு, கமென்டில் 'எவ்வளவு?' என்று கேட்பவர்களை வாட்ஸ்அப்புக்கு இழுத்து, மாடியில் ஒற்றை ஏசி அறைக்கு வரவழைத்து வெளிநாட்டு டூர் விற்கும் ரகம். தஞ்சாவூரிலும் மன்னார்குடியிலும்கூட இந்த ரகத்தைப் பார்த்திருக்கிறேன்.

என் மனைவி பள்ளி ஆசிரியை. அரையாண்டு விடுமுறையை விட்டால் மே மாதம்தான். அக்கா மகன் கல்லூரியில் படிக்கிறான், அவனுக்குத்தான் இந்த ஸ்நார்கெலிங் பைத்தியம். அரசலாற்றில் நீந்தக் கற்றவன், நீச்சலில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆற்றில் நாம் தலையைத் தூக்கிக்கொண்டு நீந்துவோம். இதில் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து வாயால் மூச்சுவிட வேண்டும். அதற்காக ஒரு குழாயை வாங்கி எங்கள் பம்புசெட் தொட்டியில் குப்புறக் கிடந்து பழகினான். வயல் வேலைக்கு வந்தவர்கள் பயந்துபோய் ஓடிவந்தார்கள். அவ்வளவு ஆசை. அந்த ஆசையைத்தான் அந்த டிராவல்ஸ்காரன் காசாக்கினான்.

நம்பிக்கை எந்த நிமிஷத்தில் வந்தது என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. போனதும் டிகிரி காபி வந்தது. சொந்த ஊர் நீடாமங்கலம் பக்கம் என்றான், குறுவை எப்படி, நெல்லு போட்டாச்சா என்று விசாரித்தான். வார்த்தைக்கு வார்த்தை அண்ணே. இதெல்லாம் எல்லா வியாபாரியும் செய்வதுதான், இதில் நான் மயங்கவில்லை. அப்புறம் டிராயரைத் திறந்து ஒரு மாஸ்க்கை எடுத்தான். ஸ்ட்ராப்பைத் தலையில் மாட்டாமல் என் மருமகன் முகத்தில் அப்படியே வைத்து, "மூக்கால இழு தம்பி" என்றான். இழுத்தான். கையை எடுத்தும் மாஸ்க் விழாமல் முகத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. "இப்படி நின்னாத்தான் சைஸ் சரி. மீசை இருந்தா லேசா தண்ணி கசியும் அண்ணே, உங்களுக்கு வேற மாடல்" என்றான். உள்ளே எச்சில் தடவிக் கழுவினால் பனி படராது என்றும் காட்டிக் கொடுத்தான். அத்தனையும் சரியான தகவல். தொழில் தெரிந்தவன் என்று என் மனைவியே சொன்னாள்.

அதனால்தான் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஒன்றும் தெரியாதவன் தப்பாக விற்றிருந்தால் அது வேறு. இவனுக்கு மாஸ்க் தெரியும், பெர்ஹென்தியானில் எந்த முனையில் கருந்துடுப்புச் சுறாக்குட்டி வரும், தெலுக் பாவ் கடற்கரைப் பக்கம் எங்கே பச்சை ஆமை மேயும் என்பதெல்லாம் தெரியும். அந்தத் தீவு டிசம்பரில் மூடியிருக்கும் என்பது மட்டும் தெரியாதா?

நான் கேட்டேன். நேரடியாகவே கேட்டேன். "தம்பி, நாகப்பட்டினத்துலேருந்து காங்கேசன்துறைக்கு விட்ட கப்பலையே மழைக்காலம்னு நிறுத்துறாங்க, டிசம்பர்ல கடல் சரியா இருக்குமா?" அந்தக் கப்பல் 2023 அக்டோபர் 14-ல் கொடியசைத்துத் தொடங்கி ஒரு வாரத்திலேயே மழைக்காலத்தைச் சொல்லி நின்றது இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அவன் சிரித்தான். "அது நம்ம ஊரு மழை அண்ணே. அங்க வேற மழை. டிசம்பர்லதான் அங்க பீக் சீசனே."

வேற மழையாம். அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான். நமக்கு வங்கக் கடலைத் தாண்டி வந்து ஐப்பசி கார்த்திகையில் கொட்டுகிறது, அங்கே தென்சீனக் கடலைத் தாண்டி வந்து மலேசியாவின் கிழக்குக் கரையில் மோதுகிறது. இங்கே சம்பா வயலில் தண்ணீர் வடியவில்லை என்று நாம் கவலைப்படுகிற நேரத்தில்தான் அங்கே கிளந்தானும் தெரெங்கானுவும் வெள்ளத்தில் நிற்கும். பெர்ஹென்தியான், ரெடாங், தியோமான் எல்லாமே அந்தக் கரைத் தீவுகள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பெரும்பாலான ரிசார்ட்டுகளைப் பூட்டிவிடுவார்கள், படகும் ஒழுங்காக ஓடாது.

சரி, பணம். ஆளுக்கு ரூ. 21,600, மூன்று பேருக்கு ரூ. 64,800. விமான டிக்கெட் இதில் சேராது, திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நாங்களே எடுத்தோம். கோலாலம்பூரிலிருந்து பஸ், படகு, தீவில் அறை, ஸ்நார்கெலிங், தண்ணீருக்கு அடியில் வீடியோ எல்லாம் சேர்த்துத்தான் இந்த ரூ. 64,800. இதற்குள் 'விசா புராசஸிங்' என்று தலைக்கு ரூ. 1,500 வேறு. இந்தியர்களுக்கு மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் வரை விசா கேட்பதில்லை. போவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்ப வேண்டும், அதற்குக் கட்டணமே கிடையாது. இலவசத்துக்கும் காசு வாங்கியிருக்கிறான்.

பணம் யு.பி.ஐ.யில் ஒரு தனி ஆளின் பெயருக்குப் போனது. "கம்பெனி அக்கவுன்ட்ல லிமிட் முடிஞ்சிடுச்சு அண்ணே, பில் பின்னாடியே வரும்" என்றான். பில் இன்றுவரை வரவில்லை.

கோலாலம்பூரில் இரவு பஸ் டிக்கெட் மட்டும் உண்மையாக இருந்தது. விடியற்காலையில், தீவுக்குப் படகு ஏறும் கோல பெசூட்டில் இறங்கினோம், அடைமழை. படகுத்துறையில் கவுன்டர்கள் எல்லாம் ஷட்டர் போட்டுக் கிடந்தன. ஆட்களே இல்லை. பக்கத்தில் ஒரு கடையில் ரொட்டி சானாயும் தேநீரும் கிடைத்தது. கடைக்காரர் எங்கள் பைகளையும் மருமகன் கழுத்தில் தொங்கிய மாஸ்க்கையும் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மூன்றே வார்த்தை சொன்னார்: "மான்சூன். க்ளோஸ். மார்ச்." என் மனைவி அதற்குப் பிறகு வெகுநேரம் யாரிடமும் பேசவில்லை.

இங்கே அப்போது நடுராத்திரி தாண்டிய நேரம், போன் எடுக்கவில்லை. விடிந்த பிறகு எடுத்தான். "வெதர் அண்ணே, நேச்சர் நம்ம கையில இல்லையே. நீங்க அப்படியே கே.எல். திரும்பி வாங்க, சிட்டி டூர் போட்டுத் தர்றேன்." சிட்டி டூர் என்று அவன் அனுப்பிய காரில் பத்துமலை போனோம். 140 அடி முருகன், 2006-ல் திறந்தது, செய்தவரும் நம் திருவாரூர்ப் பக்கத்து ஸ்தபதிதான். முருகன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டிலிருந்து சுவாமிமலைக்கு டவுன் பஸ்ஸிலேயே போய்விடலாம், ரூ. 64,800 தேவையில்லை. அந்தக் காருக்கும் டிரைவர் எங்களிடமே காசு கேட்டார். கொடுத்தோம்.

வெதர் என்றானே, அதையும் பார்த்துவிடுவோம் என்று என் மனைவி அவன் கொடுத்த வவுச்சரில் (அறை முன்பதிவுச் சீட்டில்) இருந்த ரிசார்ட்டுக்கு நேரடியாக மெயில் அனுப்பினாள். பதில் வந்தது. பருவமழைக்காக நவம்பரிலேயே மூடிவிட்டோம், மார்ச்சில்தான் திறப்போம், உங்கள் பெயரில் எந்த முன்பதிவும் எங்களிடம் இல்லை. ஆக, புயல் வந்து கெட்ட பயணம் இல்லை இது. அறையே போடவில்லை. பூட்டிய ரிசார்ட்டின் பெயரில் அவனே ஒரு வவுச்சரைத் தயாரித்து எங்கள் கையில் கொடுத்திருக்கிறான்.

ஊர் திரும்பிய பிறகு நடந்த அலைக்கழிப்பைச் சொன்னால் உங்களுக்கே சலிப்பு வரும். முதலில், மலேசியா பார்ட்னர் ரீஃபண்ட் போட வேண்டும். அப்புறம், அங்கே பேங்க் லீவு. அப்புறம், பொங்கல் முடியட்டும் அண்ணே, தை பொறந்தா வழி பொறக்கும். ஆமாம், என் பணத்தை வைத்துக்கொண்டு எனக்கே பழமொழி சொன்னான். நேரில் போனால் கவுன்டரில் ஒரு பெண், "சார் வெளில போயிருக்காங்க". உள்ளே அவன் குரல் கேட்கிறது. அந்தப் பெண்ணைச் சொல்லி என்ன பயன், அதுவும் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிறது. ரிசார்ட் மெயிலைக் காட்டியதும் குரல் மாறியது. "நான் வெறும் ஏஜென்ட்தான் சார், ஆபரேட்டரைக் கேளுங்க." அண்ணன் போய் சார் ஆகிவிட்டேன். கூடவே ஒரு பி.டி.எஃப். அனுப்பினான், வானிலை காரணமாக ரத்தானால் பணம் திரும்பாது என்று. பணம் வாங்கும்போது அப்படி ஒரு காகிதமே கிடையாது. கடைசியாக, மேலே ரூ. 30,000 போட்டால் மாலத்தீவுக்கு மாற்றித் தருவானாம். ரூ. 64,800 தின்றது போதவில்லை.

வங்கியில், நீங்களே அனுப்பிய பணம் என்று முடித்துவிட்டார்கள். காவல் நிலையத்தில், இது கொடுக்கல் வாங்கல், கோர்ட்டுக்குப் போங்க என்றார்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தாகிவிட்டது. அடுத்து தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ரூ. 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை.

இடங்கள் சொல்கிறேன் என்றேன், அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். மேலே சொன்ன மலேசியாவின் கிழக்குக் கரைத் தீவுகளுக்கு ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை போங்கள், அதற்கு வெளியே யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள். இலங்கையில் திருகோணமலைக்குப் பக்கத்தில் நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத் தீவு, 2003 முதல் தேசியப் பூங்கா. அங்கே மே முதல் செப்டம்பர் வரை கடல் அமைதி, கரையிலிருந்து படகில் கொஞ்ச நேரம்தான், கோணேஸ்வரத்தையும் பார்த்துவிடலாம். இலங்கையின் தென்மேற்குக் கரையில் ஹிக்கடுவைக்கு நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. தாய்லாந்தின் அந்தமான் கடல் பக்கமும் ஏறக்குறைய அதே மாதங்கள்தான். மாலத்தீவில் பா அட்டோல் என்ற பவளத் தீவுக்கூட்டத்தில் ஹனிஃபாரு விரிகுடா, மான்டா திருக்கைகள் கூட்டமாக வருவது மே முதல் நவம்பர் வரை, அங்கே ஸ்கூபா (காற்று சிலிண்டரோடு மூழ்குவது) கிடையாது, ஸ்நார்கெலிங் மட்டும்தான். பாருங்கள், டிசம்பரில் விற்க ஹிக்கடுவை இருந்தது, தாய்லாந்து இருந்தது. நேர்மையாக விற்றாலும் அவனுக்கு லாபம்தான். மூடிய தீவை ஏன் விற்றான்? திறந்த ரிசார்ட் என்றால் அறைக்குப் பணம் கட்ட வேண்டும், மூடியதென்றால் கட்ட வேண்டாம். எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

இன்னொன்று. வெளிநாட்டு டூர் பேக்கேஜ் விற்பவர்கள் உங்கள் பான் எண்ணை வாங்கி டி.சி.எஸ். (விற்பவரே வாங்கிக் கட்டும் வருமான வரி) பிடித்துக் கட்ட வேண்டும், 2020 அக்டோபரிலிருந்து சட்டம் அப்படி. கட்டியிருந்தால் உங்கள் வருமான வரிக் கணக்கில் தெரியும். பான் எண்ணே கேட்காமல் பேக்கேஜ் விற்கிறான் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். தனி ஆள் பெயருக்கு யு.பி.ஐ. அனுப்பாதீர்கள். வவுச்சர் வந்ததும் ரிசார்ட்டுக்கே மெயில் போட்டு உங்கள் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். படகில் லைஃப் ஜாக்கெட், நீரோட்டம், பவளத்தை மிதிக்காமல் இருப்பது இதெல்லாம் எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன், இப்போது முடியாது.

இவ்வளவு அவசரம் ஏன் என்றால், இன்று என் மருமகன் வேறு நம்பரிலிருந்து அந்த இன்ஸ்டா பக்கத்தைப் பார்த்தான். நாங்கள் போட்ட கமென்ட் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, அதே ஆமை வீடியோவோடு புது விளம்பரம் போட்டிருக்கிறான்: கோடை விடுமுறை ஸ்பெஷல், தாய்லாந்து சிமிலான் தீவுகள், மே கடைசி வாரம், சீட் குறைவு. சிமிலான் தேசியப் பூங்கா. ஒவ்வொரு வருஷமும் மே நடுவில் மூடி அக்டோபர் நடுவில்தான் திறப்பார்கள். கீழே கும்பகோணம், வலங்கைமான் ஆட்கள் 'எவ்வளவு?' என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தெரிந்தவர்கள் யாராவது அதில் இருந்தால் இந்தப் பதிவை அனுப்புங்கள். அட்வான்ஸ் கொடுத்துவிட்டவர்கள் இன்றைக்கே நேரில் போய் ஜி.எஸ்.டி. எண்ணோடு ரசீது கேளுங்கள். தரவில்லை என்றால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், தஞ்சாவூர் மனுவில் உங்கள் விவரத்தையும் சேர்க்கலாமா என்று கேட்டுச் சொல்கிறேன்.