ஆட்டோகமிட்: ஆனா, ஆஃபா?

டேட்டாபேஸுக்கு அனுப்பும் ஒவ்வொரு கட்டளையும் தானாகவே உடனுக்குடன் நிரந்தரமாவதுதான் (கமிட்) ஆட்டோகமிட். ஜாவாவிலிருந்து பைத்தானுக்கு வருபவர்களை முதலில் குழப்புவது இதுதான். ஜாவா டேட்டாபேஸோடு பேசப் பயன்படுத்தும் ஜேடிபிசி கனெக்‌ஷனில் ஆட்டோகமிட் இயல்பாகவே ஆனில் இருக்கும். பைத்தானின் டேட்டாபேஸ் லைப்ரரிகளுக்கான பெப் 249 விதிப்படி அது ஆஃபில் தொடங்க வேண்டும். அங்கே கமிட் எழுத மறந்தால் எர்ரர் எதுவும் வராது, டேபிளில் நாம் சேர்த்த வரிசையும் (ரோ) இருக்காது.

ஆஃப்தான் பாதுகாப்பு என்று பலர் சொல்வார்கள். பாதி உண்மை. ஒரு கணக்கில் கழித்து இன்னொன்றில் கூட்டும்போது, ஆட்டோகமிட் ஆனில் இருந்து நடுவில் புரோகிராம் விழுந்தால் கழித்தது கழித்ததுதான். ஆஃபில் இருந்தால் எல்லாம் பழைய நிலைக்கே திரும்பிவிடும் (ரோல்பேக்).

ஆனால் ஆஃபுக்கும் விலை உண்டு. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கான பைத்தான் லைப்ரரி சைகோபிஜி2-வில், டேட்டாவைப் படிக்க மட்டும் செய்யும் செலக்ட் கூட, சேர்ந்தே கமிட் அல்லது ரோல்பேக் ஆகும் கட்டளைத் தொகுப்பான டிரான்சாக்‌ஷனைத் திறந்துவிடும். அதை முடிக்காமல் நம் கோட் வேறொரு ஏபிஐ-யின் பதிலுக்குக் காத்திருந்தால், கனெக்‌ஷன் 'ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்' நிலையில், டேபிள் மேல் போட்ட லேசான பூட்டை (லாக்) விடாமல் நிற்கும். அந்த நேரம் பார்த்து யாராவது டேபிளின் அமைப்பை மாற்றும் ஆல்டர் டேபிள் ஓட்டினால் அது காத்திருக்கும். அதன் பின்னால் வரும் சாதாரண செலக்ட்டுகளும் வரிசையில் நிற்கும். பார்ப்பவருக்கு டேட்டாபேஸே உறைந்த மாதிரி இருக்கும். போஸ்ட்கிரெஸ் 9.6 பதிப்பில் இதற்கென்று டைம்அவுட் வந்தது, ஆனால் இயல்பில் அது செயல்படாது. நாம்தான் அமைக்க வேண்டும்.

மைஎஸ்கியூஎல்லில் வேறு விதமான தொல்லை. அதன் ஸ்டோரேஜ் எஞ்சினான இனோடிபியின் இயல்பு நிலை ரிப்பீட்டபிள் ரீட். ஆட்டோகமிட் ஆஃபில், கமிட்டும் செய்யாமல் நாள் முழுக்க ஓடும் வொர்க்கர், முதல் செலக்ட்டில் கண்ட காட்சியையே திரும்பத் திரும்பக் காணும். புதிய வரிசை டேபிளில் இருக்கும், அதன் கண்ணுக்கு மட்டும் தெரியாது.

என் ஓட்டு மூன்றாவது வழிக்கு: ஆனில் விட்டுவிட்டு, சேர்ந்தே நடக்க வேண்டியவற்றை மட்டும் டிரான்சாக்‌ஷனுக்குள் வைப்பது. பைத்தானின் வெப் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோ 2013-இல், 1.6 பதிப்பில், இதற்கே மாறியது. உள்ளே இருப்பதை ஒரே டிரான்சாக்‌ஷனாக்கும் அட்டாமிக் பிளாக் அப்போது வந்ததுதான். ஜாவா ஃபிரேம்வொர்க்கான ஸ்பிரிங்கின் டிரான்சாக்‌ஷனல் குறியும் தேவையானபோது ஆட்டோகமிட்டை ஆஃப் செய்து, முடிந்ததும் பழையபடி வைக்கும்.

ஜேடிபிசியில் இதைக் கையால் எழுதுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எக்ஸெப்ஷன் வந்தபின் ரோல்பேக் செய்யாமல், ஃபைனலி பகுதியில் ஆட்டோகமிட்டை மறுபடி ஆன் செய்தால், அரைகுறை வேலை அப்படியே கமிட் ஆகிவிடும்.

மொத்தமாக ஆயிரக்கணக்கில் வரிசைகளை ஏற்றும்போதும் எல்லாவற்றையும் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் வைக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு வரிசைக்கும் டிஸ்க்கில் மாற்றப் பதிவு (log) எழுதி முடியும்வரை காத்திருக்க வேண்டிவரும்.