ரத்த அழுத்த மாத்திரை: காலையிலா, இரவிலா?

"ராத்திரி போட்டால்தான் மாரடைப்பு வராதாமே, டாக்டர்?" ரத்த அழுத்த நோயாளிகள் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கும் கேள்வி இது. இதற்கு வித்திட்டது 2019-இல் வெளியான ஸ்பெயினின் ஹைஜியா ஆய்வு. சுமார் 19,000 பேரை ஆறு ஆண்டுகளுக்கு மேல் கவனித்ததில், படுக்கப்போகும்போது மாத்திரை எடுத்தவர்களுக்கு இதய, ரத்தநாளப் பாதிப்புகள் 45 சதவீதம் குறைந்ததாக அது சொன்னது. நேரத்தை மட்டும் மாற்றி இவ்வளவு பலனா என்ற சந்தேகம் உடனே கிளம்பியது. ஆய்வு நடத்தப்பட்ட முறை மீதும் கேள்விகள் எழுந்தன.

இரவுப் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தூக்கத்தில் ரத்த அழுத்தம் 10 முதல் 20 சதவீதம் வரை இறங்குவது இயல்பு. அப்படி இறங்காதவர்களுக்கு ஆபத்து அதிகம். அப்படியானால் இரவில் மருந்து கொடுத்து அதை இறக்கினால் நல்லதுதானே? கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் சோதித்துப் பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை.

பிரிட்டனில் 21,000-க்கு மேற்பட்டோரிடம் நடந்த டைம் ஆய்வு 2022-இல் வெளியானது. மாரடைப்பு, பக்கவாதம், ரத்தநாள நோயால் மரணம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் இரவில் மாத்திரை போட்ட அணியில் 3.4 சதவீதம் பேருக்கும், காலை அணியில் 3.7 சதவீதம் பேருக்கும் இவற்றில் ஒன்று நேர்ந்தது. புள்ளியியல் கணக்கில் இது வித்தியாசமே இல்லை. 2025-இல் வந்த கனடாவின் பெட்மெட் ஆய்விலும் இதே கதைதான். எண்ணிக்கையில் சிறியது, 3,357 பேர். ஆனாலும் நம்மைப் போன்ற குடும்ப மருத்துவர்களுக்கு அதுதான் நெருக்கமானது என்பேன். பங்கேற்றவர்கள் குடும்ப மருத்துவர்களிடம் வழக்கமாக வருகிறவர்கள். இரவில் போட்டால் தலைசுற்றி விழுவார்கள், எலும்பு முறியும், கண்ணுக்கு ரத்தம் குறைந்து கண் நீர் அழுத்த நோய் முற்றும், ஞாபகசக்தி குறையும் என்ற பயங்களையும் அது சேர்த்தே ஆராய்ந்தது. எதுவும் கூடவில்லை. ஆக, இரவுக்குத் தனிப் பலனும் இல்லை, தனி ஆபத்தும் இல்லை.

காரணம் ஓரளவு மருந்துகளிலேயே இருக்கிறது. அம்லோடிபின் என்ற ரத்த அழுத்த மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். தினமும் சாப்பிடுகிறவருக்கு அது காலையிலும் இருக்கும், நள்ளிரவிலும் இருக்கும். டெல்மிசார்டன் என்ற இன்னொரு மருந்தும் நாள் முழுக்கத் தாங்கக்கூடியது.

சரி, அப்படியானால் இரண்டும் ஒன்றேதானா? எனக்கு முக்கியமாகப் படுவது டைம் ஆய்வின் இன்னொரு எண். சொன்ன நேரத்தைக் கடைப்பிடிக்காதவர்கள் இரவு அணியில் 39 சதவீதம், காலை அணியில் 22.5 சதவீதம். இரவில் களைப்பு, டிவி முன்னாலேயே தூக்கம், விருந்தாளிகள் என்று மாத்திரை தவற ஆயிரம் வழி உண்டு. அதனால் புதிதாகத் தொடங்குகிறவருக்கு என் ஓட்டு காலைக்கே. வீட்டிலேயே ரத்த அழுத்தம் பார்ப்பவர் காலை மாத்திரைக்கு முன் ஒரு ரீடிங் எடுத்தால், முந்தைய நாள் டோஸ் 24 மணி நேரம் தாங்கியதா என்பதும் தெரிந்துவிடும்.

அதற்காக, பல வருடமாக இரவில் தவறாமல் போட்டு அழுத்தம் கட்டுக்குள் இருப்பவரை மாற்றவே வேண்டாம். நோயாளிக்கு வசதியான நேரமே சரி என்று 2024-ஆம் ஆண்டு ஐரோப்பிய வழிகாட்டுதலும் சொல்கிறது. காலையில் மாத்திரை போட்டதும் கிறுகிறுப்பு வருகிறது என்பவரைத் தாராளமாக இரவுக்கு மாற்றலாம். டைம் ஆய்விலும் காலை அணியில்தான் தலைசுற்றல் சற்றுக் கூடுதல்.

சிறுநீரை அதிகமாக வெளியேற்றும் நீர் மாத்திரை விஷயம் வேறு. ஹைட்ரோகுளோரோதயசைடு, ஃபுரோசமைடு போன்றவற்றை இரவில் கொடுத்தால் மனிதர் தூக்கம் கெட்டுக் கழிவறைக்கு நடந்துகொண்டிருப்பார். ரத்தநாளங்களைத் தளர்த்தும் பிரசோசின் மாத்திரை இதற்கு நேர் எதிர். முதல் டோஸில் திடீரென்று அழுத்தம் இறங்கி மயக்கம் வரலாம் என்பதால், அதைப் படுக்கும் நேரத்தில்தான் தொடங்க வேண்டும்.