காரைப் பளபளவென்று வைத்திருக்க எந்த வழி நல்லது?

தினமும் காலையில் காய்ந்த துணியை எடுத்து காரைத் துடைப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். அவர்களை அல்ல, காரை நினைத்து. பெயின்ட்டின் மேல் இருக்கும் கிளியர் கோட் என்ற நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சின் கனம் பொதுவாக 40, 50 மைக்ரான் அளவுதான், அதாவது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. காரில் படியும் தூசியிலோ பொடி மணல் கலந்திருக்கும். அதைக் காய்ந்தபடியே அழுத்தித் துடைப்பதும் உப்புத்தாளால் தேய்ப்பதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சந்தேகமா? காரை வெயிலில் நிறுத்தி, போனட்டில் சூரியன் தெரியும் இடத்தைச் சுற்றிப் பாருங்கள். மெல்லிய கீறல்கள் வட்ட வட்டமாகத் தெரியும். கறுப்பு கார் என்றால் கேட்கவே வேண்டாம். ஆக, இந்த வழி போட்டியிலேயே இல்லை.

பிரஷ் சுழலும் தானியங்கி வாஷ் வேகமானது, சரி. ஆனால் உங்களுக்கு முன்னால் போன வண்டியின் சேறு அந்த பிரஷிலேயே இருக்கலாம். பிரஷ் படாமல் தண்ணீரைப் பீய்ச்சும் வகை பரவாயில்லை, கீறாது. கை படாத குறையை ஈடுகட்டக் கடுமையான ரசாயனம் போடுவார்கள். பளபளப்புக்கும் பாதுகாப்புக்கும் மேலே பூசிய வேக்ஸ் (மெழுகு) சீக்கிரம் போய்விடும். அப்படியும் மெல்லிய அழுக்குப் படலம் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

என் ஓட்டு இரண்டு வாளி முறைக்கு. ஒன்றில் கார் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். முதலில் நிறைய தண்ணீர் அடித்து மணலை இறக்கிவிட வேண்டும். அப்புறம் மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பில் முக்கி, கூரையிலிருந்து கீழ்நோக்கி ஒவ்வொரு பகுதியாகக் கழுவ வேண்டும். ஒரு பகுதி முடிந்ததும் கையுறையை வெறும் தண்ணீரில் அலசிய பிறகே மறுபடி ஷாம்பு. சக்கரத்துக்குத் தனித் துணி. பிரேக் தூள் பட்ட துணியைக் கதவுப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம், வேக்ஸை உரித்துவிடும். நிழலில் கழுவி உடனே ஒற்றி எடுங்கள். உப்புத் தண்ணீர் தானாகக் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும்.

தண்ணீர்ப் பஞ்சமா? அலசத் தேவையில்லாத வாஷ் திரவங்கள் இருக்கின்றன. ஒரு வாளித் தண்ணீரில் கலந்தால் முழுக் காருக்கும் போதும். லேசான தூசிக்கு அருமை. சேறு அப்பிய வண்டியில் மட்டும் முயற்சி செய்யாதீர்கள்.

எந்த முறையானாலும் வாரம் ஒரு தடவை தாராளம். பறவை எச்சம் மட்டும் வாரக் கடைசி வரை காத்திருக்கக் கூடாது, பெயின்ட்டை அரித்துவிடும். சுரண்டாமல், ஈரத் துணியைக் கொஞ்ச நேரம் அதன் மேல் போட்டு, ஊறியதும் அப்படியே தூக்கி எடுத்துவிடுங்கள்.