'லே ஃபேய் மோர்த்' ('சருகுகள்'): கிட்டாருக்கு இரண்டு இசைத்தாள்கள்

ஜாக் பிரேவேர் எழுத, ஜோசப் கோஸ்மா இசையமைத்து, 1946-இல் வெளிவந்த பிரெஞ்சுத் திரைப்படமொன்றில் ஒலித்த இப்பாடலைத் தனிக் கிட்டாரில் ஃபிங்கர்ஸ்டைலாக, அதாவது விரல்களாலேயே கம்பிகளை மீட்டி, வாசிக்க விரும்பி, இணையத்தில் விலைக்குக் கிடைத்த இரண்டு இசைத்தாள்களை வாங்கி, புதுச்சேரியில் என் வீட்டு மாடியில், எதிர்வீட்டு வேம்பு இலை கொட்டிய மாசி மாதம் முழுவதும் பழகிப் பார்த்தேன்.

ஜி மைனர் ஸ்கேலில் அமைந்த முதல் தாள் எனக்கு ஒத்துவரவில்லை. ஒரே விரலால் பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தும் பார் கார்டுகள் (கார்டு என்பது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) மிகுந்து இடக்கை இறுகிவிடுகிறது.

இரண்டாவது ஈ மைனரில் இருக்கிறது. ஏ மைனர், டி7, ஈ மைனர் ஆகிய கார்டுகளின் பேஸ் (தாழ்ந்த) சுரங்களை அழுத்தாத கம்பிகளே தந்துவிடுவதால், கட்டைவிரல் அவற்றை நீள ஒலிக்கவிட, மற்ற விரல்கள் மெல்லிய கம்பிகளில் மெட்டை நிதானமாகப் பாட முடிகிறது. எஃப் ஷார்ப் ஹாஃப் டிமினிஷ்ட் கார்டிலிருந்து பி7 வழியாக ஈ மைனருக்கு இறங்கும் இடத்தில்தான் பாட்டின் ஏக்கம் தங்கியிருக்கிறது என்பது என் எண்ணம். அங்கே அலங்காரம் எதையும் திணிக்காமல் விட்டதற்காகவே இத்தாளைத் தேர்ந்தெடுத்தேன்.

இறுதிப் பக்கத்து ஹார்மோனிக்ஸ் (கம்பியை அழுத்தாமல் மெல்லத் தொட்டு எழுப்பும் மணியொலி) வெறும் பகட்டு. அதை விட்டுவிட்டே வாசிக்கிறேன். விரல் எண்கள் அச்சிடப்படாததால், புதிதாகக் கற்பவர்கள் ஆசிரியரின் துணையோடு தொடங்குவது நல்லது.