பாகங்களை உதிரியாக வாங்கி வீட்டிலேயே முழுச் சைக்கிளாகப் பூட்ட நினைக்கிறவர்களுக்கு டவுனில் ஒரு கடை

திருநெல்வேலி டவுனில் ரத வீதிப் பக்கம் இருக்கிற பழைய சைக்கிள் ஸ்பேர்ஸ் கடையைப் பற்றித்தான் எழுதுகிறேன். முழு வண்டி வாங்க எத்தனையோ ஷோரூம் இருக்கிறது, ஆனால் வெறும் ஃப்ரேமை வைத்துக்கொண்டு ரிம், ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்), கம்பி (ஸ்போக்), கிராங்க் (பெடல் மாட்டுகிற கை) என்று ஒவ்வொன்றாக வாங்கி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பூட்ட நினைக்கிற ஆளிடம் பொறுமையாகப் பேசுகிற கடை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

அப்பா ஓட்டிய பெரிய வண்டியின் ஃப்ரேம் என்னிடம் இருந்தது. 28 இன்ச் டயர் கேட்டதும் கடை அண்ணாச்சி எடுத்துக் கொடுத்துவிடவில்லை, "எந்த 28, தம்பி?" என்று கேட்டார். சரியான கேள்வி. நம் ஊர் பெரிய வண்டியின் 28 x 1½ ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 635 மில்லிமீட்டர், கியர் வண்டிக்கு வருகிற 700சி என்கிற அளவு ரிம்மில் 622. சில 700சி டயரிலும் 28 என்றுதான் அச்சடித்திருக்கும், பெயரைப் பார்த்து வாங்கினால் அந்த 13 மில்லிமீட்டரில் டயர் ஏறவே ஏறாது. அதே மாதிரி ரிம்மையும் ஹப்பையும் சேர்த்து வைத்து ஓட்டையை எண்ணி, முன்னால் 32, பின்னால் 40 என்று சரிபார்த்த பிறகே கம்பியில் கை வைத்தார். வீட்டில் கோர்த்துக் கொண்டுபோனால் பெண்டும் (ரிம்மின் கோணலும்) எடுத்துத் தருகிறார்கள், அதற்குக் கூலி தனி.

எனக்கு ரொம்பப் பிடித்தது காட்டர் பின் விஷயம், அதாவது கிராங்கை நடு ஆக்சிலோடு இறுக்கிப் பிடிக்கிற ஆப்பு. பின்னின் சப்பை முகம் ஆக்சிலின் வெட்டில் முழுசாகப் படிய வேண்டும், கொஞ்சம் கூடக்குறைய இருந்தால் இரண்டு பெடலும் ஒரே நேர்கோட்டில் நிற்காது. அண்ணாச்சி நான் கொண்டுபோன ஆக்சிலில் பின்னைச் செருகிப் பார்த்து, அரத்தால் நாலு இழுப்பு இழுத்து, மறுபடி செருகிப் பார்த்து, "ரெண்டு பின்னையும் எதிரெதிரா அடிங்க, ஒரே பக்கமா அடிச்சிராதிய" என்று சொல்லித்தான் கொடுத்தார். அப்புறம் இடது பெடலின் மரை மட்டும் எதிர்ப்பக்கம் சுற்றினால்தான் ஏறும் என்பதையும் கேட்காமலே சொன்னார். வண்டி பூட்டி முடித்து ஈரடுக்கு மேம்பாலத்து ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்துப் பார்த்தேன், கிராங்க் துளியும் ஆடவில்லை.

குறையும் உண்டு. பழைய சரக்கும் புதுச் சரக்கும் ஒரே டப்பாவில் கலந்து கிடக்கிறது, எனக்குக் கொடுத்த ஒரு கோனில் (சக்கர ஆக்சிலில் திருகுகிற கூம்புத் துண்டு) பால்ஸ் ஓடுகிற தடத்தில் துருப்புள்ளி இருந்தது. முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார்கள். ஆனாலும் அந்தத் தடம் வழவழவென்று இல்லாவிட்டால் எவ்வளவு கிரீஸ் வைத்தாலும் சக்கரம் கரகரவென்றுதான் சுற்றும், அதனால் கோன், அதற்கு எதிரே பால்ஸ் உட்காருகிற கப் எது வாங்கினாலும் கடை வாசலுக்குக் கொண்டுவந்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். விலை ஆன்லைனைவிடச் சில சாமானுக்குக் கூடத்தான், அந்த அரம் பிடித்த கைக்குக் கொடுத்தது என்று நான் சந்தோஷமாகவே கொடுத்தேன்.

கியர் செட், டிஸ்க் பிரேக் கேட்டுப் போகாதீர்கள், அங்கே கிடையாது. போகும்போது பழைய பார்ட்ஸை மாதிரிக்குக் கையோடு கொண்டு போங்கள். காலையிலேயே போய்விடுவது நல்லது, சாயங்காலம் பஞ்சர் ஒட்ட வருகிற கூட்டத்தில் அண்ணாச்சியால் நின்று பேச முடியாது.